மாசியில் நட்டால் யார் தண்ணீர் ஊற்றுவது?

மாசி பிறந்தால் போதும், போன் ஓயாது. "வசந்தம் வந்தாச்சு, தோட்டம் போட இதுவே நேரம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். யூடியூப்பைத் திறந்தால் பிப்ரவரியில் கட்டாயம் விதைக்க வேண்டிய பத்துச் செடிகள். விதை விற்கிற ஆப் ஒன்று ஸ்பிரிங் ஆஃபர், காம்போ பேக், ஃப்ரீ டெலிவரி என்று காலையும் மாலையும் மணி அடிக்கும். பீன்ஸ், கேரட், ஸ்ட்ராபெர்ரி எல்லாம் ஒரே டப்பாவில். வாங்கி வைத்துக்கொள்ள நம்ம ஆட்களும் தயார்.

யாருக்குங்க வசந்தம்? உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் குடியிருக்கிற நமக்கா? மாசி போனால் பங்குனி. பங்குனியில் மத்தியானம் மணலில் வெறுங்காலை வைக்க முடியுமா? சித்திரையில் குடிக்கிற தண்ணிக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். அந்த நேரத்தில், நேத்து முளைத்த இரண்டிலைத் தக்காளி நாற்றுக்குக் காலையும் மாலையும் நல்ல தண்ணி வேண்டும். எங்கே போவது? காசு கொடுத்து வாங்கின குடத்திலிருந்து ஊற்றுவதா?

இதைச் சொன்னால், "என்னண்ணே, எப்பப் பார்த்தாலும் குறையே சொல்றீக" என்கிறார்கள். குறை சொல்லாமல் என்ன செய்வது? கணக்கைப் பாருங்கள். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சராசரியாகப் பெய்கிற மழை 827 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும். தைக்குப் பிறகு வானத்தை அண்ணாந்து பார்க்கிறதோடு சரி. அப்படியானால் நம்ம தோட்டத்துக்கு வருஷப் பிறப்பு எப்போது? புரட்டாசியில். பங்குனியில் இல்லை, சித்திரையில் இல்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழிகூட நமக்கு அப்படியே பொருந்தாது. ஆடியில் நமக்கு என்ன இருக்கு? காற்று. தெற்கேயும் மேற்கேயும் இருந்து கிளம்பி, மன்னார் வளைகுடாவின் உப்புச்சாரலை வாரிக்கொண்டு வந்து இலையில் அடிக்கிற காற்று.

இதெல்லாம் எங்கேயும் எழுதாத ரகசியமும் இல்லை. நம்ம முண்டு மிளகாயைப் பாருங்கள். புரட்டாசி வாக்கில் விதை போடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது வளரும். தை, மாசியில் உருண்டை உருண்டையாகப் பழுக்கும். வெயில் ஏற ஏறக் களத்தில் காயும். மழை எப்போது வேண்டும், வெயில் எப்போது வேண்டும் என்று இந்த மண்ணோடு பேசி முடித்துவைத்த பயிர் அது. 2023ல் அதுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பேப்பரில் பெரிசாகப் போட்டார்கள். நாமும் பெருமையாக ஃபார்வர்டு பண்ணினோம். அதே கையோடு மார்ச் மாசத்தில் குடைமிளகாய் விதை ஆர்டர் போடுகிறோம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருத்தர். சவுதியில் வருஷக்கணக்காகச் சம்பாதித்து, திரும்பி வந்து வீடு கட்டியிருக்கிறார். நல்ல பிள்ளை. பாலைவனத்தில் இருந்துவிட்டு வந்தவருக்குப் பச்சையைப் பார்க்க ஆசை, அதில் என்ன தப்பு? மொட்டை மாடி முழுக்க குரோபேக் வாங்கி அடுக்கினார். கோகோபீட் கட்டி, மண்புழு உரம், பச்சை வலை, எல்லாம் ஆன்லைனில். விதை நன்றாகத்தான் முளைத்தது. ஒரு சாண் வளர்ந்தது. அப்புறம் தக்காளி இலை ஓரமெல்லாம் பழுப்படிக்க ஆரம்பித்தது. தீயில் காட்டி எடுத்தாற்போல ஓரம் மட்டும் கருகல், நடுவில் பச்சை. போட்டோ எடுத்து ஏதோ ஒரு தோட்டக் குரூப்பில் போட்டார். அஞ்சே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது: பொட்டாஷ் பத்தலை, 19:19:19 கரைத்து ஊற்றுங்க.

ஊற்றினார். கருகல் கூடியது. இன்னும் ஊற்றினார். செடி விழுந்துவிட்டது.

மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "அண்ணே, எல்லாம் சரியாத்தானே செஞ்சேன், ஏண்ணே இப்படி ஆகுது?" என்று அவர் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. குரோபேக்கின் விளிம்பைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. பையின் அடியில் தண்ணி வடிகிற ஓட்டையைச் சுற்றியும் அதே வெள்ளை. குரூப்பில் பதில் சொன்ன மகராசன் எந்த ஊரோ. பொட்டாஷ் குறைந்தாலும் இலை ஓரம் கருகும், உப்பு ஏறினாலும் இலை ஓரம் கருகும். போட்டோவை மட்டும் பார்த்தால் எது எது என்று தெரியாது. அவர் ஊரில் நல்ல தண்ணி, அதனால் அவருக்கு உப்பு நினைவுக்கே வரவில்லை. ரசாயன உரமும் ஒரு உப்புதானே? ஏற்கெனவே உப்பில் தவிக்கிற வேருக்கு மேலும் உப்பைக் கரைத்து ஊற்றச் சொன்னால் செடி என்ன பண்ணும்?

"தம்பி, எந்தத் தண்ணி ஊத்துறீக?"

"போர் தண்ணிதாண்ணே. குளிக்கிறதுக்கு அதானே."

டிடிஎஸ், அதாவது தண்ணியில் கரைந்திருக்கிற உப்பின் அளவைப் பார்க்கிற பேனா நம்ம ஊரில் ஆர்ஓ மெஷின் வைத்திருக்கிற வீட்டிலெல்லாம் இருக்கு. குடிக்கிற தண்ணியில் மட்டும் முக்குவார்கள். செடிக்கு ஊற்றுகிற தண்ணியில் முக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. உலக உணவு வேளாண்மை நிறுவனம் பாசனத் தண்ணிக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. டிடிஎஸ் 450க்குக் கீழே இருந்தால் எந்தச் செடிக்கும் பயமில்லை. 450லிருந்து 2,000 வரை கவனமாகப் பார்த்து ஊற்ற வேண்டும். 2,000க்கு மேலே போனால் பெரும்பாலான காய்கறிக்குச் சிரமம்தான். நம்ம கடற்கரையில் எத்தனை போர் அந்த 2,000க்குள் நிற்கும்? உங்கள் வீட்டுத் தண்ணியில் ஒரு தடவை முக்கிப் பாருங்கள்.

பீன்ஸ், கேரட், வெங்காயம், ஸ்ட்ராபெர்ரி, இதெல்லாம் உப்பைக் கொஞ்சமும் தாங்காத கூட்டம். தக்காளி ஓரளவுக்குத்தான். பீட்ரூட் தாங்கும். தென்னை, சப்போட்டா தாங்கும். எலுமிச்சை தாங்காது. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாலே பாதிக் காசு மிச்சம். ஆனால் காம்போ பேக்கில் என்ன இருந்தது? பீன்ஸ், கேரட், ஸ்ட்ராபெர்ரி. உப்பு தாங்காததையே பொறுக்கி எடுத்து உப்புக் கடற்கரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். விலாசத்தில் பின்கோடு கேட்கிறார்களே, அதை வைத்துக்கொண்டு கூரியர் அனுப்புவதைத் தவிர வேறு எதுவும் செய்ய மாட்டார்களா? 623 என்று ஆரம்பித்தால் ராமநாதபுரம், சவர்த் தண்ணி, புரட்டாசிப் பட்டம் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

கோகோபீட் கதை இன்னும் கொடுமை. தேங்காய் நாரிலிருந்து உதிர்கிற தூள். நார் பிரிக்க மட்டையைக் கழிமுகத்து உப்புத் தண்ணியில் ஊறப்போட்டிருந்தால் அந்த உப்பு முழுக்கத் தூளில் ஏறியிருக்கும். ஊறப்போடாவிட்டாலும் மட்டையிலேயே இயல்பாக உப்புச் சத்து உண்டு. அதனால்தான் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி பண்ணுகிறவர்கள் நல்ல தண்ணியில் பலமுறை கழுவி, உப்பு குறைந்தது என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் அனுப்புகிறார்கள். நமக்கு? கழுவாத கட்டி. அதைச் சவர்த் தண்ணியில் ஊறவைத்து, சவர்த் தண்ணியில் பாய்ச்சி, மேலே உரத்தையும் கரைத்து ஊற்றினால்? அந்தத் தம்பியிடம் எந்தத் தப்பும் இல்லை. அவரைச் சுற்றி விற்கிறவன், சொல்கிறவன் யாருமே அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்கவில்லை.

விதைப் பாக்கெட்டைச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. 1966லேயே விதைச் சட்டம் வந்துவிட்டது. பாக்கெட்டில் முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், பரிசோதனை பண்ணின தேதி என்ன, எதுவரை செல்லும், எல்லாம் போட வேண்டும். தக்காளி, கத்தரிக்குக் குறைந்தது 70 சதவீதம் முளைக்க வேண்டும், மிளகாய்க்கு 60, வெண்டைக்கு 65. டவுனில் ஒரு கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். தேதி இருக்கிற இடத்தில் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. நகத்தால் கிழித்துப் பார்த்தால் போன வருஷத்துச் சரக்கு. கேட்டால், "அதெல்லாம் முளைக்கும் சார், எல்லாரும் வாங்கிட்டுத்தான் போறாக" என்கிறார். வெயில் நேராக அடிக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் மாசக்கணக்கில் தொங்குகிற விதை. விதைக்கு ஆகாதது இரண்டு: சூடு, ஈரம். நம்ம கடற்கரையில் இரண்டுமே தாராளம். அந்தப் பாக்கெட்டு முளைக்கவில்லை என்றால் வாங்கினவர் என்ன நினைப்பார்? "என் கை ராசி சரியில்லை" என்று நினைப்பார். எத்தனை பெண்கள் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன் தெரியுமா? கையில் ஒரு குறையும் இல்லை தாயீ. செத்த விதையை விற்றவன் நிம்மதியாக இருக்கிறான், வாங்கின நீங்கள் உங்கள் கையைக் குறை சொல்கிறீர்கள்.

நர்சரிக்குப் போனால் ரோஜா. ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற ஒட்டு ரோஜா. மாசி, பங்குனியில்தான் லாரி லாரியாக இறங்கும். பூவோடு பார்க்கும்போது யாருக்கும் ஆசை வரும். கறுப்புக் கவருக்குள் கெட்டியான செம்மண் உருண்டை. அதை அப்படியே கொண்டுவந்து நம்ம மணலில் வைக்கிறோம். தண்ணி ஊற்றினால் என்ன ஆகிறது தெரியுமா? செத்துப்போன செடி ஒன்றை என் வீட்டு வாசலில் பிடுங்கிப் பார்த்தேன். சுற்றிலும் மணல் ஈரமாக இருக்கு. செம்மண் உருண்டையைக் கையால் உடைத்தால் உள்ளே பொடிப்பொடியாக உதிர்கிறது, துளி ஈரம் இல்லை. ஊற்றின தண்ணியெல்லாம் லேசான மணல் வழியாக இறங்கி ஓடியிருக்கு, இறுகின செம்மண்ணுக்குள் நுழையவே இல்லை. வேர் முழுக்க அந்த உருண்டைக்குள்ளேதான். தினமும் தண்ணி ஊற்றியும் தாகத்தில் செத்த செடி. நடும்போது உருண்டையைத் தண்ணியில் முக்கி, ஓரத்தைக் கையால் நெகிழ்த்தி, மணலோடு மக்கின குப்பையைக் கலந்து வைக்க வேண்டும். விற்கிற இடத்தில் இதை ஒரு வார்த்தை சொல்லலாமே? செடி சாகவில்லையென்றால் அடுத்த வருஷம் யார் வாங்குவார்கள் என்கிற கணக்கோ என்னவோ.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. பாலத்தைத் தாண்டினால் தங்கச்சிமடம். மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர். வெறும் மணலில் குச்சியை வரிசை வரிசையாக ஊன்றி, ஊற்றுத் தண்ணியைக் குடத்தில் மொண்டு ஊற்றி, வேர் பிடித்ததும் பிடுங்கிக் கட்டுக் கட்டாகக் கட்டி வெளியூருக்கு அனுப்புகிறார்கள். மணல் என்பதால் வேர் அறாமல் அப்படியே கையோடு வரும். மதுரைப் பக்கம், திண்டுக்கல் பக்கம், வெளி மாநிலத்துக்கும் போகிறது. வேளாண்மைப் புத்தகங்களில் ராமநாதபுரம் குண்டுமல்லி என்றே ஒரு ரகத்துக்குப் பேர். மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அந்த மதுரைக் காட்டில் பூக்கிற எத்தனையோ செடிக்கு முதல் வேர் விட்டது நம்ம தீவு மணலில்தான். ஊருக்கெல்லாம் செடி கொடுக்கிற கை நம்மது. நம்ம வீட்டு வாசலில் பார்த்தால் பெங்களூர் ரோஜா வாடி நிற்கிறது. கேட்டால், "மல்லி எல்லார் வீட்லயும் இருக்குண்ணே, வித்தியாசமா வைக்கலாம்னு" என்கிறார்கள். எல்லார் வீட்டிலும் இப்போது எங்கே இருக்கு? நம்ம தெருவில் எண்ணிப் பாருங்களேன்.

அந்த நாற்றைக் காப்பாற்றுகிற தண்ணியைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும். கோபம் முழுக்க அங்கேதான்.

கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணியா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தம். கடலிலிருந்து எவ்வளவு தூரம்? கூப்பிடு தூரம். வில்லூண்டித் தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கு, இறைத்துக் குடித்தால் நல்ல தண்ணி. கடற்கரை ஊர்களில் பெண்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறி வருகிற தண்ணியைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவதை நாம் எல்லோரும் பார்த்துத்தான் வளர்ந்தோம். இதெல்லாம் எப்படி? மழைத் தண்ணி மணலுக்குள் இறங்குகிறது. கடல் தண்ணி கனம், மழைத் தண்ணி லேசு. அதனால் எண்ணெய் தண்ணி மேல் மிதப்பதுபோல நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால், அதுக்குக் கீழே கிட்டத்தட்ட 40 அடி ஆழத்துக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும். நெதர்லாந்துக்காரர் ஒருவரும் ஜெர்மனிக்காரர் ஒருவரும் நூறு வருஷத்துக்கு முன்னாடியே தனித்தனியாகக் கண்டுபிடித்துச் சொன்ன கணக்கு இது. சிரட்டையால் மொண்ட நம்ம அப்பத்தாக்களுக்கும் தெரிந்த விஷயம்தான். மேலாக எடு, கொஞ்சம் கொஞ்சமாக எடு, ஊற விடு.

கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். மேலே ஒரு அடி இறங்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும். நாம் என்ன செய்கிறோம்? ஆழமாகப் போர் போட்டு மோட்டாரை வைத்து உறிஞ்சுகிறோம். ஆரம்பத்தில் நல்ல தண்ணி வரும். அப்புறம் லேசாகச் சப்பென்று இருக்கும். அப்புறம் சோப்பு நுரைக்காது. அப்புறம் குழாயில் வெள்ளை படியும். உடனே என்ன செய்கிறோம்? இன்னும் ஆழமாகப் போடு! ஆழம் போகப் போக உப்புக்கு இன்னும் கிட்டத்தில் போகிறோம் என்று போர் வண்டிக்காரர் சொல்ல மாட்டார். அவருக்கு அடிக் கணக்கில் கூலி. லாட்ஜ், ரிசார்ட், இறால் பண்ணை என்று ஆளாளுக்கு உறிஞ்சினால், நடுவில் நிற்கிற முருங்கை மரத்துக்குக் கேட்க நாதி உண்டா?

எடுக்கிறதுதான் இப்படி என்றால், விடுகிறது? 2003ல் தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று சட்டம் வந்தது. அப்போது எல்லோரும் குழாய் போட்டோம், குழி தோண்டினோம். இப்போது அந்தக் குழி எங்கே? பாதி வீட்டில் மூடி மேலே டைல்ஸ். மண்ணே தெரியக் கூடாது என்று ஆகிவிட்டது நமக்கு. வாசல் சிமெண்ட், கொல்லை சிமெண்ட், சுற்றுச்சுவர் ஓரம்கூட சிமெண்ட். "மண்ணு ஒட்டுதுண்ணே, கூட்டி மாளல" என்கிறார்கள். ஐப்பசி மழை வந்து நம்ம கூரை மேல் கொட்டுகிறது. வழுக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, தெருவிலிருந்து வாய்க்காலுக்கு ஓடி, கடலில் போய் விழுகிறது. பங்குனியில் செடிக்குத் தண்ணி இல்லை என்று அழுகிறோம். அந்தத் தண்ணி நம்ம வீட்டுக்கே வந்ததுதான். இருக்க இடம் இல்லாமல் திரும்பிப் போய்விட்டது.

காற்றுக்கும் இதே கதிதான். முன்னாடி வீட்டைச் சுற்றி என்ன இருந்தது? பனைமட்டை வேலி, கிளுவை வேலி, ஓரமாகப் பூவரசு. காற்று அதில் புகுந்து வலுவிழந்து மெல்ல வரும், உப்பு வேலியிலேயே படிந்துவிடும். இப்போது ஆளுயரச் சுவர். கெட்டிச் சுவரில் மோதின காற்று எகிறி அந்தப்பக்கம் சுழன்று அடிக்கும். சுவருக்குப் பின்னாடி பத்திரமாக இருக்கும் என்று வைத்த கத்தரிச் செடி முறிந்து கிடக்கும். வேலி கட்ட மட்டை எங்கே கிடைக்குது என்று கேட்பீர்கள். அதுவும் நியாயம்தான். ரோட்டோரத்திலிருந்த பனையெல்லாம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. காலி மனையில் வளர்வது சீமைக்கருவேலம். அதைப் பிடுங்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017ல் கண்டித்துச் சொன்னது. அப்போது ஊர் ஊராக ஜேசிபி வந்தது, போட்டோ எடுத்தோம். வெட்டின இடத்தில் வேறு எதையும் நடவில்லை. திரும்ப அதுவே வந்துவிட்டது.

சரி, சொல்லித்தர ஆள் இல்லையா என்றால் அதுவும் இல்லை. ராமநாதபுரத்திலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கு. பேரிலேயே நம்ம பிரச்சினை இருக்கு, பாருங்கள். உப்பு மண்ணுக்கும் உப்புத் தண்ணிக்கும் என்ன பயிர் என்ற அறிவு நம்ம பஸ் ஸ்டாண்டிலிருந்து எட்டுகிற தூரத்தில் இருக்கும்போது, எங்கேயோ குளிர்ப் பிரதேசத்தில் இருக்கிறவர் எடுத்த வீடியோவை ஏன் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறோம்? பனி உருகியதும் அவர்களுக்கு விதைக்கிற காலம். அவர்கள் ஊரில் அது சரி. அதை அப்படியே தமிழில் டப்பிங் பண்ணி நம்ம தலையில் கட்டுகிறவர்களை என்ன சொல்வது?

அப்படியானால் இந்த மாசி, பங்குனியில் தோட்டத்தில் வேலையே இல்லையா? நிறைய இருக்கு, எல்லாம் இருக்கிறதைக் காப்பாற்றுகிற வேலை. செடி அடியில் தென்னை மட்டை, பனையோலை, காய்ந்த சருகு எது கிடைத்தாலும் கனமாகப் போட்டு மூடுங்கள். தேங்காய் மட்டையைக் குழியில் உட்பக்கம் மேலே பார்க்கிற மாதிரி அடுக்கிப் புதைத்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஓட்டையடைத்த பழைய மண்பானையைச் செடி பக்கத்தில் கழுத்துவரை புதைத்து நல்ல தண்ணியை நிரப்பி மூடி வையுங்கள், கசிந்து கசிந்து வேருக்குப் போகும். சவர்த் தண்ணிதான் இருக்கிறதென்றால் இலைமேல் தெளிக்கவே தெளிக்காதீர்கள், அடியில் ஊற்றுங்கள். தினம் ஒரு கை என்று நனைப்பது மோசம், உப்பு மேலாக்கில் தங்கிவிடும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை, அடியில் வடிகிற அளவுக்கு நிறைய ஊற்றினால் உப்பு கீழே இறங்கும். அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணி காவிரித் தண்ணியாக இருந்தால் ஒரு சொட்டு வீணாக்காதீர்கள். திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் வருகிற தண்ணி அது, சாக்கடைக்கு அனுப்பவா அவ்வளவு தூரம் கொண்டுவருகிறார்கள்? முருங்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது தாக்குப்பிடிக்கும். மல்லியைக் கவாத்து பண்ணியிருந்தால் இப்போது பூக்க ஆரம்பித்திருக்கும், அதுக்குத்தான் இந்த நாளில் தண்ணியில் முதல் பங்கு.

அடுத்தது நான் கேட்கப்போகிறது. மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கும் மே 1க்கும் கிராம சபை கூடும். போன தடவை போனால் பாதி நாற்காலி காலி. இந்தத் தடவை வாருங்கள். ஊரில் எத்தனை போர், எத்தனை அடி, டிடிஎஸ் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லிக் கேட்போம். புதுசாகப் போர் போடுகிறவர்கள் பக்கத்துக் கிணற்றில் தண்ணி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடட்டும். மூடின ஊருணியைத் தூர்வாரச் சொல்வோம். வீட்டுக்கு வீடு கொல்லையில் நாலடி மண்ணையாவது சிமெண்ட் போடாமல் விடச் சொல்வோம், மழைக்கும் செடிக்கும் சேர்த்து. நான் ஒருத்தன் எழுந்து நின்று பேசினால், "இவருக்கு வேற வேலையில்லை" என்று மைக்கை வாங்கிவிடுகிறார்கள். பத்துப் பேர் நின்றால் எழுதிக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லிவிட்டேன், மாடியில் இருக்கிற கோகோபீட்டைக் கொட்டிவிட வேண்டாம், ஐப்பசி மழையில் நன்றாக நனைய விடட்டும், உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். நாட்டுச் சுரை விதையும் முண்டு மிளகாய் விதையும் என்னிடம் இருக்கு. சாம்பலில் புரட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களுக்கும் தருகிறேன், காசு வேண்டாம். ஆனால் ஆவணி கடைசியில் வாருங்கள். இப்போது வந்து கேட்டால் தர மாட்டேன்.